பஸ் ஸ்டாப் மாநகராட்சியோடது, பஸ் யாரோடது? சென்னை கவுன்சில் பத்தி எங்க ஏரியால அடிக்கடி கேக்கற கேள்விகள்

சென்னை மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகைல மன்றக் கூட்டம் முடிஞ்சா போதும், மறுநாள் காலைல எங்க குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குரூப்ல கேள்வியா வந்து குவியும். பஸ் பத்தி பேசினாங்களாமே வந்துருமா, போலீஸ் ரோந்து கேட்டாங்களாமே, வரி ஏறுதா, நாய் என்ன ஆச்சுன்னு. சங்கத்துல இருக்கறதால என்கிட்டதான் கேப்பாங்க, எனக்கும் ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, கூட்டத்துக்குப் போய், படிச்சு, நாலு பேர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க போட்டுடறேன். யாருக்காவது உதவினா சந்தோஷம்.

எங்க கவுன்சிலர் மன்றத்துல எழுந்து பஸ் பத்தலைன்னு பேசினாங்க. அப்போ கூடுதலா பஸ் விட்டுருவாங்கல்ல?

அவங்க பேசினதால மட்டும் பஸ் வராதுங்க. சென்னைல டவுன் பஸ் ஓட்டறது எம்டிசி, அதாவது மாநகர் போக்குவரத்துக் கழகம், அது மாநில அரசோட கம்பெனி, போக்குவரத்துத் துறைக்குக் கீழ வருது. 1972ல பல்லவன் போக்குவரத்துக் கழகம்னு ஆரம்பிச்சது, பெரியவங்க இன்னும் பல்லவன் பஸ்னுதான் சொல்வாங்க, அப்போலேருந்தே அது மாநகராட்சி கைல இல்ல. எந்த ரூட்டுல எத்தனை பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு, இதுல ஒண்ணுகூட கவுன்சில் முடிவு பண்றது கிடையாது.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா மனசுல நிக்குது. 1992ல அரசியல் சட்டத்துல 74வது திருத்தம் வந்துச்சுல்ல, அதுல நகர உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம்னு 18 வேலைகளை 12வது அட்டவணையா போட்டிருக்காங்க. அதுல தெருவிளக்கு இருக்கு, பார்க்கிங் இருக்கு, பஸ் நிறுத்தம் இருக்கு, பொதுக் கழிப்பிடம் இருக்கு. நிறுத்தம்னு எழுதினவங்க பஸ்ஸுன்னு எழுதல! அதனால நிழற்குடை கட்டறது, அதுக்கு பெஞ்சு போடறது, லைட் போடறது இதெல்லாம் மாநகராட்சி வேலை, அதுக்கு முன்னாடி வந்து நிக்கற வண்டி வேற ஒருத்தரோடது.

எல்லா ஊர்லயும் இப்படித்தானான்னா இல்ல. மும்பைல பெஸ்ட் பஸ் அந்த மாநகராட்சியோடதுதான், 1947லேருந்து. அகமதாபாத்லயும் மாநகராட்சியே பஸ் விடுது. அங்க ஒரு கவுன்சிலர் பஸ் பத்தி கேட்டா பட்ஜெட் புத்தகத்தைக் காட்டி கேக்கலாம், இங்க கோரிக்கையா மட்டும்தான் வைக்க முடியும். எனக்கு இது சரியாப் படல, ஒரு கோடி பேர் புழங்கற ஊர்ல மக்கள் ஓட்டு போட்டு அனுப்பின 200 கவுன்சிலருக்கும் பஸ் விஷயத்துல ஒரு ஓட்டுகூட இல்லன்னா எப்படி?

அப்போ மன்றத்துல பஸ் பத்தி பேசறதே வீண்தானே?

வீண் இல்ல, ஆனா எப்படிப் பேசறாங்கங்கறதுல இருக்கு. "எங்க வார்டுக்கு பஸ் வேணும்"னு பொதுவா சொன்னா சம்பந்தப்பட்ட துறைக்குத் தெரிவிக்கப்படும்னு ஒரு பதில் வரும், அவ்வளவுதான். அதுவே இந்த ரூட், ராத்திரி இத்தனை மணிக்கு அப்புறம் இல்ல, இந்த ஸ்டாப்புல இத்தனை பேர் நிக்கறாங்கன்னு சொன்னா அது கூட்டக் குறிப்புல ஏறும், அதை வச்சு எம்டிசிக்கு லெட்டர் போடலாம், எம்எல்ஏகிட்ட கொடுக்கலாம். நாங்க ஒரு வாரம் மாத்தி மாத்தி ஸ்டாப்புல நின்னு நோட்டுல எழுதினோம், எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை பேர் ஏற முடியாம நின்னாங்கன்னு. ஸ்கூல் படிக்கற புள்ளைங்ககூட எழுதிச்சுங்க. அந்த நோட்டைக் காட்டிப் பேசினப்புறம்தான் எதிர்ல இருக்கறவங்க நாங்க சொல்றதை முழுசா கேக்க ஆரம்பிச்சாங்க.

இன்னொண்ணு, பஸ் உள்ள வர முடியாததுக்கு ரோடே காரணமா இருக்கும், ரெண்டு பக்கமும் வண்டி நிக்கும், வெட்டின ரோடு மூடாம கிடக்கும். அது மாநகராட்சி ரோடா இருந்தா நேரா மன்றத்துலயே கேக்கலாம். பஸ் போற ரோடுலயே மாநகராட்சி பராமரிக்கறது சுமார் 387 கிலோமீட்டர், அண்ணா சாலை மாதிரி பெரிய ரோடெல்லாம் மாநில நெடுஞ்சாலைத் துறை. உங்க ஸ்டாப் எந்த ரோட்டுல இருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க.

பஸ்ஸுக்குப் பணம் எங்கேருந்துதான் வருது?

டிக்கெட் பணம் கொஞ்சம், மீதி மாநில அரசு. டிக்கெட் விலை கடைசியா ஏறினது 2018 ஜனவரில, அதுக்கப்புறம் டீசல் எவ்வளவு ஏறிச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2021 மே மாசத்துலேருந்து சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு இலவசம், விடியல் பயணம்னு பேரு, அந்த டிக்கெட்டுக்கான தொகையை அரசு கழகத்துக்குக் கொடுத்துடுது. இதை ஓசின்னு சொல்றவங்க மேல எனக்கு உண்மையிலயே கோபம் வரும். எங்க தெருவுக்கு வீட்டு வேலைக்கு வர்ற அக்கா முன்னாடி ரெண்டு ஸ்டாப் நடந்துதான் வருவாங்க காசு மிச்சம் பிடிக்க, இப்போ பஸ்ல வர்றாங்க, மாசம் மிச்சமாகற காசுல பொண்ணுக்கு டியூஷன் கட்டறாங்க.

புது பஸ் வாங்க கடன்தான், தாழ்தளப் பஸ்ஸுக்கு ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ வங்கி, அப்புறம் உலக வங்கி. 2025 ஜூன் கடைசில வியாசர்பாடி டெப்போலேருந்து 120 மின்சார பஸ் விட்டாங்க, அது புது முறை, பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனியோடது, கண்டக்டர் எம்டிசி, ஓடற கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்குப் பணம். இதுல நல்லதும் இருக்கு, பஸ் வாங்க மொத்தமா காசு போட வேண்டாம். ஆனா டிரைவர் வேலை கான்ட்ராக்டுக்குப் போகுது, அதைப் பத்தி கவலையா இருக்கு.

மெட்ரோ ரயிலுக்கு எங்க சொத்து வரி போகுதா?

போகல. அது மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி வச்சிருக்கற கம்பெனி. ரெண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி, பெரும்பாலும் வெளிநாட்டு வங்கிக் கடன், மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர்ல, அதுவரைக்கும் மாநில அரசே இழுத்துட்டு வந்துச்சு. பஸ், மெட்ரோ, ரயில் மூணையும் ஒண்ணா திட்டமிட கும்டான்னு ஒரு அமைப்பு, 2010லயே சட்டம் போட்டாச்சு, நிஜமா வேலை ஆரம்பிக்க 12 வருஷம் ஆச்சு. முதலமைச்சர்தான் தலைவர்.

அப்போ நாங்க கட்டற வரி எதுக்குத்தான் போகுது?

குப்பை, தெருவிளக்கு, உள்தெரு ரோடு, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பார்க், கொசு மருந்து, சுடுகாடு, அம்மா உணவகம், இத்தனை பேரோட சம்பளம், பென்ஷன், வாங்கின கடனுக்கு வட்டி. 2025-26 பட்ஜெட்ல வருவாய் 5,100 கோடிக்கு மேல காட்டினாங்க, செலவு அதைவிடக் கொஞ்சம் கூட. சொத்து வரி, தொழில் வரி போக, மாநில அரசு தன்னோட சொந்த வரி வருமானத்துல உள்ளாட்சிகளுக்குன்னு ஒதுக்கற 10 சதவீதத்துல ஒரு பங்கும் வருது. பெரிய வேலைக்கு இதெல்லாம் பத்தாது, கொசஸ்தலையாறு பகுதி வடிகால் வேலையே 3,220 கோடி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்ல நடக்குது.

சொத்து வரி 2022ல பெருசா ஏறிச்சு, 2024ல இன்னொரு 6 சதவீதம். அரையாண்டு தொடங்கின முதல் மாசத்துக்குள்ள, அதாவது ஏப்ரல்லயோ அக்டோபர்லயோ கட்டிட்டீங்கன்னா 5 சதவீதம் தள்ளுபடி, 5,000 ரூபாய் வரைக்கும். நிறைய பேர் இது தெரியாமலே விட்டுடறாங்க.

ஆமா, குடிநீரும் கழிவுநீரும் இதுல வராது, அது 1978லேருந்து தனி வாரியம், மெட்ரோ வாட்டர். சாக்கடை பொங்குதுன்னு கவுன்சிலரைத் திட்டறோம், அது வாரியத்தோடது, மழைத்தண்ணி நின்னா அது மாநகராட்சியோடது. ரெண்டும் ஒரே தெருல ஒண்ணா கலந்து ஓடும்போது யாரைக் கூப்பிடறதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரையும் கூப்பிடுங்க, நாங்க அப்படித்தான் செய்யறோம்.

போலீஸ் ஸ்டேஷன் கவுன்சிலுக்குக் கீழ வருமா?

வராது. போலீஸ் மாநிலப் பட்டியல்ல இருக்கு, உள்துறைக்குக் கீழ. மேயர் போலீஸ் கமிஷனருக்கு உத்தரவு போட முடியாது, கடிதம் எழுதலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம். தீயணைப்புகூட அந்த 12வது அட்டவணைல இருக்கு, ஆனா நம்ம மாநிலத்துல அது மாநிலத் துறையாவே இருக்கு.

எல்லைக் குழப்பம் வேற. 2022 ஜனவரிலேருந்து ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனித்தனி கமிஷனர் அலுவலகம் வந்துடுச்சு. அதனால அம்பத்தூர்ல இருக்கறவங்க வரி கட்டறது சென்னை மாநகராட்சிக்கு, போலீஸ் புகார் போறது ஆவடி கமிஷனருக்கு.

ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொண்ணுங்க பாதுகாப்புக்கு கவுன்சில்ல கேட்டு என்ன பிரயோஜனம், போலீஸ் தானே பாக்கணும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கமே எழுதறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஏரியால ஒரு பொண்ணு, ஜவுளிக்கடைல வேலை, கடை மூடி கணக்கு முடிச்சு கிளம்பவே பத்து மணி ஆயிடும். பஸ் ஏறி மெயின் ரோட்டுல இறங்கி வீட்டுக்கு ஒரு பத்து நிமிஷ நடை. நாங்க நாலு பேர் ஒரு நாள் ராத்திரி அந்தப் பொண்ணு கூடவே நடந்து பாத்தோம். பஸ் லேட்டா வந்துச்சு, அது எம்டிசி. இறங்கின நிழற்குடைல லைட் எரியல, அது மாநகராட்சி. பிளாட்பாரத்துல டிரான்ஸ்பார்மர் பெட்டி நிக்குது, பைக் நிக்குது, ரோட்டுல இறங்கித்தான் நடக்கணும், பெட்டி மின்வாரியத்தோடது, பிளாட்பாரம் மாநகராட்சியோடது, பைக்கை எடுக்கச் சொல்ல வேண்டியது டிராஃபிக் போலீஸ். உள்தெரு திரும்பற முனைல ரெண்டு கம்பத்துல விளக்கு இல்ல, மரக்கிளை வேற மறைக்குது, ரெண்டுமே மாநகராட்சி. அதுக்கப்புறம் ஒரு காலி மனை, சுவர் இல்ல, அங்கதான் சில பேர் உக்காந்து குடிக்கறாங்க, அது போலீஸ், மனைக்குச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் விட வேண்டியது மாநகராட்சி. பொதுக் கழிப்பறை ராத்திரில பூட்டியிருந்துச்சு.

எண்ணிப் பாத்தா அந்தப் பத்து நிமிஷ நடைல போலீஸ் மட்டுமே பாக்க வேண்டியது ஒண்ணு ரெண்டுதான், மாநகராட்சி பாக்க வேண்டியதுதான் அதிகம்! பாதுகாப்புன்னாலே போலீஸ்னு நினைச்சு நாம கவுன்சில்கிட்ட இதைக் கேக்கறதே இல்ல. சென்னைல 2.8 லட்சத்துக்கு மேல தெருவிளக்கு இருக்கு, எந்தக் கம்பம் எரியலைன்னு ரிப்பன் மாளிகைல உக்காந்திருக்கறவங்களுக்கு தானா தெரியாதுங்க, கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும், அந்த நம்பரோட மாநகராட்சி புகார் எண் 1913க்கு போன் பண்ணிச் சொல்லணும். "தெரு இருட்டா இருக்கு"ன்னு சொன்னா ஆள் வந்து தேடிட்டுப் போயிடுவாங்க, நம்பர் சொன்னா தப்பிக்க வழி இல்ல.

நிர்பயா நிதின்னு ஒண்ணு இருக்கு, 2012 டெல்லி கொடுமைக்கு அப்புறம் மத்திய அரசு ஆரம்பிச்சது. அதுலேருந்து சென்னையைப் பாதுகாப்பான நகரமாக்கற திட்டத்துக்குப் பணம் வந்துச்சு, எம்டிசி பஸ்ல கேமராவும் ஆபத்து பட்டனும் வச்சது அந்தக் காசுலதான். மாநகராட்சிக்குள்ளயே பெண்கள் பாதுகாப்பைப் பாக்கறதுக்கு 2022ல ஒரு பிரிவும் தொடங்கினாங்க. இந்தத் திட்டத்துல நம்ம வார்டுக்கு என்ன வந்துச்சுன்னு உங்க கவுன்சிலரை மன்றத்துல கேக்கச் சொல்லுங்க, அது அவங்களால முடியற கேள்வி.

நாங்க நடந்ததை அப்படியே வரிசையா எழுதி, எது யாரோடதுன்னு பக்கத்துலயே குறிச்சு, கவுன்சிலர் அக்காகிட்ட கொடுத்தோம். விளக்கும் கிளையும் சீக்கிரமே சரியாச்சு. காலி மனைக்கு அலைஞ்சுட்டேதான் இருக்கோம், ஒரு ஆபீஸ்ல இன்னொரு ஆபீஸைக் கை காட்டறாங்க, விடப் போறதில்ல.

தெரு நாய்ங்களை ஏன் பிடிச்சுட்டு போக மாட்டேங்கறாங்க?

பிடிக்கறாங்க, கருத்தடை பண்ணி, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, பெரும்பாலும் அதே இடத்துல கொண்டுவந்து விடறாங்க. 2023ல வந்த மத்திய அரசு விதி அப்படி, கவுன்சில் தீர்மானம் போட்டு அதை மாத்த முடியாது. 2024 கணக்கெடுப்புல சென்னைல சுமார் 1.8 லட்சம் தெரு நாய். கருத்தடை மையம் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை நாய்க்குப் பண்றாங்க, நம்ம மண்டலத்துல எத்தனைக்கு ஊசி போட்டாச்சு, இதைத்தான் கேக்கணும். குழந்தையை நாய் கடிச்சா முதல்ல சோப்புப் போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்க, புகார் எல்லாம் அப்புறம்.

குப்பை எடுக்கறதைத் தனியாருக்குக் கொடுக்கறது கவுன்சில் முடிவா?

ஆமா, இது மன்றத்துலயே தீர்மானமா வர்ற விஷயம். பல மண்டலத்துல ஏற்கனவே தனியார்தான். 2025ல ராயபுரம், திரு.வி.க. நகர் ரெண்டு மண்டலத்தையும் கொடுத்தப்போ, வருஷக்கணக்கா அங்க வேலை செஞ்ச தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1லேருந்து ரிப்பன் மாளிகை வாசல்லயே உக்காந்தாங்க, கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் 13ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் அவங்களை அப்புறப்படுத்துச்சு. கம்பெனிக்குப் போனா சம்பளம் குறையும், நிரந்தர வேலைங்கற நம்பிக்கையே போயிடும்னு சொன்னாங்க. கொரோனா நேரத்துல நாம கதவைச் சாத்திட்டு இருந்தப்போ நம்ம வீட்டுக் குப்பையை எடுத்தவங்க அவங்க. தனியார் நல்லதா கெட்டதான்னு வாதம் பண்ணலாம், ஆனா ஒப்பந்தத்துல தொழிலாளி சம்பளம் எவ்வளவுன்னு எழுதியிருக்காங்க, பிஎஃப் பிடிக்கறாங்களா, இதெல்லாம் ஓட்டு போடறதுக்கு முன்னாடி மன்றத்துல கேக்கணும். அந்தக் கேள்வியை நாம நம்ம கவுன்சிலர்கிட்ட கேக்கணும், நான் அப்போ கேக்கல, அது எனக்கு இன்னும் உறுத்துது.

கவுன்சிலருக்கு எவ்வளவு பணம் வருது?

மதிப்பூதியம் மாசம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000. வார்டு மேம்பாட்டு நிதி தனி, அது அவங்க கைக்கு வராது, வேலையா வரும், 2025-26 பட்ஜெட்ல வார்டுக்கு 60 லட்சம்னு ஏத்தினாங்க. ஒரு பார்க் சீரமைச்சு, ரெண்டு ஸ்கூல் கழிப்பறை கட்டினா தீர்ந்து போற தொகை. எங்க வார்டுல இந்த வருஷம் எதுக்குப் போட்டீங்கன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல, நம்ம பணம்.

2016லேருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லாம ஓடலையா, இவங்க எதுக்கு?

ஓடிச்சு, தனி அதிகாரி கைல. அந்த அஞ்சு வருஷத்துக்கு மேல நம்ம தெருல என்ன வேலை நடக்கணும்னு கேக்க ஒரு ஆள் இல்ல, பட்ஜெட்டை எதிர்த்துப் பேச யாரும் இல்ல. 2022 பிப்ரவரில தேர்தல் நடந்து, பாதி வார்டு பெண்களுக்குன்னு ஒதுக்கி, மார்ச் 4ஆம் தேதி ஆர். பிரியா மேயரானாங்க, 28 வயசு, அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். எல்லா கவுன்சிலரும் நல்லா வேலை செய்யறாங்கன்னு நான் சொல்ல வரல. சில வார்டுல கவுன்சிலர் பேரே ஜனங்களுக்குத் தெரியாது, சில இடத்துல பெண் கவுன்சிலருக்கு பதிலா அவங்க கணவர்தான் வந்து பேசறாரு, அதை நாமதான் மாத்தணும், "மேடம் வரட்டும், அவங்ககிட்ட பேசறோம்"னு சொல்லிப் பாருங்க, நாங்க சொன்னோம், இப்போ அவங்களே வர்றாங்க.

இதெல்லாம் எங்க போய் கேக்கறது? ரிப்பன் மாளிகைக்குள்ள விடுவாங்களா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒவ்வொரு வார்டையும் ஏரியா ஏரியாவா பிரிச்சு ஏரியா சபைன்னு வச்சிருக்காங்க, கிராம சபை மாதிரி, வருஷத்துக்கு நாலு தடவை நடக்கணும். அந்த ஏரியால ஓட்டு இருக்கற யாரு வேணா போகலாம், பேசலாம். எங்க ஏரியால முதல் கூட்டத்துக்கு வந்தது பதினோரு பேர், யாரும் சரியா விஷயம் சொல்லல. இப்போ தேதியைக் கேட்டு வாங்கி நாங்களே வீடு வீடா சொல்றோம், ராத்திரி ஷிப்டு போறவங்க வர முடியாதுன்னு அவங்க சொல்றதை முன்னாடியே எழுதி வாங்கிட்டுப் போறோம்.

அவசர நம்பர் கேட்டவங்களுக்கு: மாநகராட்சி 1913, கரண்ட் பிரச்சனைக்கு 94987 94987, போலீஸ் 100 இல்லன்னா 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 1913ல சொன்னா புகார் எண் ஒண்ணு கொடுப்பாங்க, அதை போட்டோவோட குரூப்ல போட்டுடுங்க, ஏரியா சபைக்குப் போகும்போது மொத்தமா பிரிண்ட் எடுத்துக்கறேன்.